ஒளியால் கட்டிய சாரம்

அடைகாத்த கோழி முட்டைக்குள் துடித்துக்கொண்டிருக்கும் இளம் இதயத்திலிருந்து தசைச் செல்களைப் பிரித்தெடுத்து ஊட்டத் திரவத்தில் விட்டால், அவை துடிப்பை நிறுத்துவதில்லை. இதயமும் இல்லை, ரத்தமும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு செல்லும் தன் பாட்டுக்குச் சுருங்கி விரிந்துகொண்டிருக்கும். 2010-இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் இப்படிப்பட்ட செல்களுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்தார்கள். சில தூண்கள், தூணுக்குத் தூண் அந்தரத்தில் ஓடும் விட்டங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு விட்டமும் தலைமுடியைவிடப் பன்மடங்கு மெலிது. செல் அந்த விட்டங்களைப் பற்றிக்கொண்டது. அது சுருங்கியபோதெல்லாம் விட்டம் வளைந்தது, தளர்ந்தபோதெல்லாம் நிமிர்ந்தது. வளைவை மைக்ரோஸ்கோப்பில் அளந்து, ஒற்றை இதயச் செல் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

அந்த வீட்டைக் கட்டியது ஒளி. பிசுபிசுப்பான ஒரு திரவத்துக்குள் லேசரின் குவியத்தை நகர்த்திக்கொண்டே போனார்கள். குவியம் போன தடமெல்லாம் கெட்டியானது. மிச்சத் திரவத்தைக் கழுவிவிட்டதும் தூணும் விட்டமும் நின்றன. முப்பரிமாண அச்சு என்று இன்று நாம் சொல்லும் வேலையின் மிக நுண்ணிய வடிவம் இது. இந்த அத்தியாயத்தில் அந்தக் குவியத்தைப் பற்றிப் பேசுவோம். அதைவிட முக்கியமாக, புள்ளியாக இருந்த அந்தக் குவியத்தை வளையமாகவும் ஊசியாகவும் சுருளாகவும் வார்க்கத் தொடங்கியபோது என்ன நடந்தது என்று பார்ப்போம்.

முதலில், செல்லுக்கு எதற்கு வீடு?

உடலுக்கு வெளியே உயிருள்ள திசுவை வளர்த்துப் பார்த்த முன்னோடி ராஸ் ஹாரிசன். 1907-இல் தவளைக் கருவின் நரம்புத் துணுக்கை நிணநீர்த் துளி ஒன்றுக்குள் வைத்து, நரம்பு இழை தானாக நீண்டு வளர்வதைக் கண்ணால் பார்த்தார். செல் வளர்ப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தச் சோதனையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது 1914-இல் அவர் வெளியிட்ட இன்னொரு சோதனை. வளர்ப்புத் திரவத்துக்குள் சிலந்தி வலையின் நூல்களைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினார். செல்கள் கண்டபடி பரவவில்லை. சிலந்தி நூலைப் பிடித்துக்கொண்டன, நூல் போன திசையில் நகர்ந்தன, நூலை ஒட்டி நீண்டு மெலிந்தன. பற்றிக்கொள்ள ஏதாவது கிடைத்தால் செல்லின் நடையும் உருவமும் மாறிவிடுகின்றன என்று அன்றே அவர் காட்டிவிட்டார். கட்டடம் எழுப்பும்போது மூங்கிலால் சாரம் கட்டுவார்களே, அதைப்போலச் செல்லுக்குக் கட்டிய முதல் சாரம் அந்தச் சிலந்தி நூல்தான்.

ஆனால் அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் செல் வளர்ப்பு வேறு பாதையில் போனது. 1887-இல் ஜூலியஸ் ரிச்சர்ட் பெட்ரி பாக்டீரியா வளர்க்கச் செய்த தட்டையான வட்டத் தட்டு கைக்கு வசதியாக இருந்தது. மலிவு, மைக்ரோஸ்கோப்பின் கீழே வைக்கவும் தோது. மனிதச் செல்களும் அந்தத் தட்டுக்குள் குடியேறின. தட்டில் விழுந்த செல் என்ன செய்யும்? கால் பரப்பிப் படுத்துவிடும். உடலுக்குள் எட்டுத் திசையிலும் அண்டை அயலோடு ஒட்டி வாழ்ந்த செல், தட்டில் அடியில் பிளாஸ்டிக்கும் மேலே நீருமாக, பொரித்த முட்டைபோலத் தட்டையாகிக் கிடக்கிறது. அதன் நடத்தையும் மாறுகிறது. மார்பகத்தின் நல்ல செல்லையும் புற்றுச் செல்லையும் தட்டில் வளர்த்தால் வேறுபாடு கண்டுபிடிப்பது கடினம். முப்பரிமாணக் கூழுக்குள் வளர்த்தால், நல்ல செல்கள் சேர்ந்து ஒழுங்கான சிறு உருண்டைகளாக அமைகின்றன. புற்றுச் செல்கள் ஒழுங்கின்றிப் பெருகுகின்றன. மினா பிஸ்ஸலும் அவரது சக ஆய்வாளர்களும் 1992-இல் இதை வெளியிட்டார்கள்.

இன்னும் இரண்டு சோதனைகளைச் சொல்லியாக வேண்டும். 1997-இல் அமெரிக்காவில் கிறிஸ்டோபர் சென், டொனால்ட் இங்பர், ஜார்ஜ் வைட்சைட்ஸ் முதலானோர், செல் ஒட்டக்கூடிய குட்டித் தீவுகளை ஒரு பரப்பின்மேல் அச்சிட்டார்கள். விரிந்து படுக்க இடம் கிடைத்த செல் பிழைத்தது. ஒடுங்கிக் கிடக்க வேண்டிய செல் தன்னைத்தானே அழித்துக்கொண்டது. ஒட்டும் பரப்பின் மொத்த அளவை மாற்றாமல் விரிவை மட்டும் மாற்றியபோதும் முடிவு அதுவேதான். செல்லின் வாழ்வையும் சாவையும் அதன் வடிவம் தீர்மானித்தது. 2006-இல் ஆடம் எங்லர், டென்னிஸ் டிஷர் குழுவினர் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களை வெவ்வேறு விறைப்புள்ள கூழ்களில் வளர்த்தார்கள். மூளையைப் போல மெத்தென்ற கூழில், ஒரு கிலோபாஸ்கலுக்கும் குறைவான விறைப்பில், அவை நரம்புச் செல்லின் சாயலைக் காட்டின. தசையின் விறைப்பில், 8 முதல் 17 கிலோபாஸ்கல் வரை, தசைச் செல் ஆகப் பார்த்தன. 25 முதல் 40 வரை போனபோது எலும்பின் பக்கம் சாய்ந்தன. கொடுத்த ஊட்டம் ஒன்றுதான். படுக்கை மட்டும்தான் வேறு.

ஆக, வீட்டின் வடிவமும் விறைப்பும் செல்லுக்கு ஒரு மொழி. அந்த மொழியில் நாம் பேச வேண்டுமென்றால், ஒவ்வொரு செல்லுக்கும் ஒரே மாதிரியான, அளவு பிசகாத வீட்டைக் கட்டத் தெரிய வேண்டும். கூழில் அது முடியாது. கூழின் உள்ளே துளைகளும் நார்களும் தற்செயலாக அமைபவை. செல்லின் குறுக்களவு பத்து, இருபது மைக்ரான். அதன் வீட்டுக்குத் தூணும் சுவரும் ஒரு மைக்ரான் தடிமனில் வேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இங்கேதான் மரியா கோப்பர்ட் மேயர் வருகிறார்.

1931-இல் வெளியான அவரது முனைவர் பட்ட ஆய்வு, ஜெர்மனியின் கோட்டிங்கனில் மாக்ஸ் போர்னிடம் படித்தபோது எழுதியது. ஓர் அணு ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்க முடியும் என்று அதில் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒளித்துகளை ஃபோட்டான் என்கிறோம். ஊதா ஒளியின் ஒரு ஃபோட்டான் செய்யும் வேலையை, அதில் பாதி ஆற்றலுள்ள அகச்சிவப்பு ஃபோட்டான்கள் இரண்டு சேர்ந்து செய்துவிடலாம். நிபந்தனை ஒன்றே: இரண்டும் ஏறக்குறைய அதே கணத்தில், அதே மூலக்கூறிடம் வந்து சேர வேண்டும். சாதாரண ஒளியில் இது நடக்காத காரியம். நல்ல வெயிலில் வைத்த ஒரு சாயமூலக்கூறு நொடிக்கு ஒரு ஃபோட்டானை விழுங்குகிறது என்றால், அதே மூலக்கூறு இரண்டை ஒருசேர விழுங்கக் கோடி ஆண்டு காத்திருக்க வேண்டும். கணக்கு சரி, சோதித்துப் பார்க்க வழியில்லை. 1960-இல் லேசர் பிறந்தது. அடுத்த ஆண்டே பெல் ஆய்வகத்தில் கைசரும் கேரட்டும் அந்த நிகழ்வைக் கண்டார்கள். கோப்பர்ட் மேயர் பல ஆண்டுகள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சம்பளமே இல்லாமல் வேலை பார்த்தவர். கணவர் வேலை பார்க்கும் இடத்தில் மனைவிக்குப் பதவி தரக் கூடாது என்ற விதி காரணம். 1963-இல் அணுக்கருவின் அமைப்பை விளக்கியதற்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு ஃபோட்டான்களை விழுங்கும் திறனை அளக்கும் அலகு இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

கோடி ஆண்டுக் காத்திருப்பை எப்படிச் சுருக்குவது? ஃபோட்டான்களை நெருக்கியடித்து அனுப்ப வேண்டும். ஃபெம்டோ நொடி லேசர் அதைத்தான் செய்கிறது. ஒரு துடிப்பின் நீளம் 100 ஃபெம்டோ நொடி என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஒரு நொடியைப் பத்து லட்சம் கோடியாக வெட்டினால் அதில் ஒரே ஒரு துண்டு. நொடிக்கு எட்டுக் கோடி துடிப்புகள். எட்டுக் கோடி என்றதும் ஒளி விடாமல் பாய்கிறது என்று தோன்றும். உண்மை நேர்மாறு. ஒரு துடிப்பு ஒரு நொடி நீடிப்பதாகக் கற்பனை செய்தால், அடுத்த துடிப்பு வர ஒன்றரை நாள் ஆகும்! அந்த ஒன்றரை நாள் ஆற்றலையெல்லாம் சேர்த்து வைத்து ஒரே நொடியில் கொட்டுவதால், சராசரி 10 மில்லிவாட் உள்ள கற்றை, துடிப்பின் உச்சத்தில் ஆயிரம் வாட்டைத் தாண்டுகிறது. அதை லென்ஸ் வழியாக அரை மைக்ரான் புள்ளிக்குள் குவித்தால், அந்தப் புள்ளியில் மட்டும் ஃபோட்டான்கள் இரண்டிரண்டாக விழுங்கப்படுகின்றன.

‘அந்தப் புள்ளியில் மட்டும்’ என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சாதாரணமாக ஒளி பாதியானால் விளைவும் பாதியாகும். இங்கே இரண்டு ஃபோட்டான்கள் ஒருசேர வர வேண்டியிருப்பதால், ஒளி பாதியானால் விளைவு கால்பங்காகிவிடும். குவியத்தைவிட்டுக் கொஞ்சம் விலகினாலே ஒன்றும் நடக்காது. திரவத்தின் மேற்பரப்பைத் தொடாமல், உள்ளே ஆழத்தில் ஒரு புள்ளியை மட்டும் கெட்டியாக்கலாம். அந்தத் திரவத்தில், அதாவது பிசினில், கரைந்திருக்கும் ஆக்சிஜனும் துணைக்கு வருகிறது. ஒளி உண்டாக்கும் வினைத்துகள்களை அது உடனுக்குடன் தின்றுவிடுகிறது. தின்று தீராத அளவுக்கு அவை பெருகினால்தான் பிசின் இறுகும். அதனால் இறுகும் இடத்துக்கும் இறுகாத இடத்துக்கும் நடுவே எல்லை கூர்மையாக அமைகிறது.

1997-இல் ஜப்பானின் ஷோஜி மாருவோ, ஒசாமு நாகமுரா, சதோஷி கவாதா மூவரும் இந்த முறையில் முப்பரிமாண உருவங்களைச் செய்து காட்டினார்கள். 2001-இல் கவாதாவின் ஒசாகா பல்கலைக்கழகக் குழு ‘நேச்சர்’ இதழில் ஒரு காளையை வெளியிட்டது. நீளம் 10 மைக்ரான், உயரம் 7 மைக்ரான். கொம்பு, திமிர்ந்த கழுத்து, வால் எல்லாம் உண்டு. மொத்தக் காளையும் ஒரு ரத்தச் சிவப்பணு அளவுதான். உலகமே அந்தக் காளையின் படத்தைப் பார்த்து வியந்தது. ஆனால் படத்தின் கீழே இருந்த ஒரு வரியைப் பலரும் தாண்டிப் போயிருப்பார்கள்: புள்ளி புள்ளியாக அந்தக் காளையைச் செய்து முடிக்க 180 நிமிடம் ஆயிற்று. மேல்தோலை மட்டும் லேசரால் வரைந்து, உள்ளே இருந்ததைப் பாதரச விளக்கால் இறுக்கியபோது லேசர் வேலை 13 நிமிடத்தில் முடிந்தது.

ஒரு சிவப்பணு அளவுக்கு மூன்று மணி நேரம். இந்தத் துறையின் சிக்கல் முழுவதும் அந்த வரியில் இருக்கிறது.

வேலை எப்படி நடக்கிறது என்று கிட்டப் போய்ப் பார்ப்போம். மெல்லிய கண்ணாடிச் சில்லின்மேல் பிசின் ஒரு சொட்டு. இளமஞ்சள் நிறம், தேன் பதம். அதில் சிறிதளவு ஒளிவினைத் தூண்டி கலந்திருக்கும். அறை விளக்கு மஞ்சள் நிறத்தில்தான் எரியும். நீலமும் ஊதாவும் பட்டால் சொட்டு முழுவதும் இறுகிவிடும். சில்லின் அடியில் ஒரு துளி எண்ணெய், எண்ணெயைத் தொட்டபடி மைக்ரோஸ்கோப்பின் லென்ஸ். லேசரைத் திறந்ததும் கணினித் திரையில் பெரிதாக ஒன்றும் தெரியாது. பிறகு திரவத்துக்குள் மெல்லிய சாம்பல் கோடு ஒன்று தோன்றும். இறுகிய பிசின் ஒளியைக் கொஞ்சம் கூடுதலாக வளைக்கிறது, அதனால்தான் அந்தக் கோடு கண்ணுக்குப் படுகிறது. குவியம் நெல்மணிபோல மேலும் கீழும் நீண்டிருக்கும். அந்த நெல்மணியை அடுக்கடுக்காக நகர்த்தித்தான் சுவர் எழுப்ப வேண்டும். முடிந்ததும் கரைப்பானில் ஊற வைத்தால் இறுகாத பிசின் கரைந்து போகும். கடைசியில் ஒரு ஆபத்து இருக்கிறது. கரைப்பான் உலரும்போது அதன் மேற்பரப்பு இழுவிசை பக்கத்துப் பக்கத்துத் தூண்களை இழுத்து ஒட்டிவிடும். மணிக்கணக்காகக் கட்டியது ஒரு கணத்தில் சாய்ந்து கிடக்கும்.

இப்போது ஒரு கணக்கு. மனித உடலின் மிக நுண்ணிய ரத்தக் குழாயைப்போல ஒரு குழாய் வேண்டும்: விட்டம் 10 மைக்ரான், உயரம் 100 மைக்ரான். புள்ளியை வட்டமாகச் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 31 மைக்ரான். அடுக்குக்கு அடுக்கு 0.3 மைக்ரான் என்றால் 333 சுற்று. ஆக, புள்ளி நடக்க வேண்டிய தூரம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். நொடிக்கு 100 மைக்ரான் வேகத்தில் ஒரு குழாய்க்கு 104 நொடி. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் மருந்து சோதிப்பவர்கள் 96 குழிகள் கொண்ட தட்டைப் பயன்படுத்துகிறார்கள். குழிக்கு ஆயிரம் குழாய் என்றால் 96,000 குழாய்கள். இரவு பகல் ஓடினாலும் 115 நாள் ஆகும், ஒரே ஒரு தட்டுக்கு!

வாசலில் கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். விரலிடுக்கில் மாவை எடுத்து இழை இழையாக இழுத்துப் போடுவது ஒரு வகை. அச்சில் மாவை நிரப்பித் தட்டினால் தாமரை ஒரே தட்டில் விழுந்துவிடுவது இன்னொரு வகை. லேசரிலும் அச்சு வேண்டும். ஒளிக்கு அச்சு எதனால் செய்வது?

திரவப் படிகத்தால். கைப்பேசித் திரையில் இருக்கும் அதே வகைப் பொருள். சிலிக்கான் சில்லின்மேல் திரவப் படிகத்தைப் பரப்பி, இருபது லட்சம் குட்டிக் கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். எஸ்.எல்.எம். என்று ஆய்வகங்களில் அழைக்கும் கருவி இது. லேசர் கற்றை இதன்மேல் பட்டுத் திரும்பும். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் பட்ட ஒளியைத் தடுப்பதில்லை; நாம் சொல்லும் அளவுக்குச் சற்றே தாமதப்படுத்தி அனுப்புகிறது. அதிகபட்சத் தாமதம் ஓர் அலைநீளம். ஒளியை மறைத்து நிழலால் வடிவம் செய்தால் பெரும்பகுதி ஒளி வீணாகும். தாமதத்தால் செய்தால் வீணாவது மிகக் குறைவு. அலையின் எந்த மேடு எங்கே எப்போது வந்து சேர வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டால், லென்ஸின் குவியத்தில் மேடும் மேடும் சேர்ந்த இடம் ஒளிரும், மேடும் பள்ளமும் சேர்ந்த இடம் இருளும்.

வேண்டிய வடிவத்துக்கு ஏற்ற தாமதம் என்ன என்று கண்டுபிடிப்பது பின்னோக்கிப் போடும் கணக்கு. 1972-இல் கெர்ச்பெர்க், சாக்ஸ்டன் இருவரும் அதற்கு எளிய வழி சொன்னார்கள். தோராயமாக ஒரு தாமதப் படத்தில் தொடங்கு; குவியத்தில் என்ன வடிவம் விழும் என்று கணக்கிடு; பிசகைத் திருத்திக்கொண்டு திரும்பி வா; மறுபடி போ. சில பத்துச் சுற்றுகளில் படம் கனிந்துவிடும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்காகப் பிறந்த அந்த வழிமுறைதான் இன்று லேசர் அச்சுக்கும் உதவுகிறது.

மிக எளிய அச்சு, பல புள்ளிகள். ஒரு குவியத்தைப் பத்தாக, இருபதாகப் பிரித்து ஒரே நேரத்தில் பத்து இருபது வீடுகளைக் கட்டுவது. ஹங்கேரியின் செகெட் நகரில் லோராண்ட் கெலெமென், பால் ஒர்மோஸ் குழுவினர் 2007-இலேயே ஒளி வடிவங்களைக் கொண்டு இணையாக இறுக்கும் வேலையைச் செய்து காட்டினார்கள்.

என்னை அதிகம் கவர்வது வளையம். எஸ்.எல்.எம். திரையில் தாமதத்தை வட்டமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும், சுழல் படிக்கட்டைப்போல. ஒரு சுற்று முடியும்போது சரியாக ஓர் அலைநீளம். இப்படி வந்த கற்றை முறுக்கிக்கொண்டு பாயும். அதன் நடு அச்சில் எல்லாத் தாமதங்களும் சந்திப்பதால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நடுவில் இருள், சுற்றிலும் ஒளி. ஒரு சுற்றுக்கு ஓர் அலைநீளம் என்பதை ஐந்து, பத்து என்று கூட்டினால் வளையம் பெரிதாகிறது. இத்தகைய கற்றை சுழற்சி உந்தத்தைச் சுமந்து செல்கிறது என்று 1992-இல் லெஸ் ஆலனும் அவரது குழுவும் காட்டினார்கள்.

பிசினுக்குள் அந்த வளையத்தைக் குவித்து, சில்லைத் தாங்கும் மேடையை ஒரே சீராகக் கீழிருந்து மேலே நகர்த்தினால் குழாய் தயார். முறுக்கு அச்சிலிருந்து மாவு இறங்குவதுபோல அது வளர்கிறது. முன்பு போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கள். புள்ளி ஒரு சென்டிமீட்டர் நடந்த இடத்தில் வளையம் 100 மைக்ரான் மட்டும் நகர்கிறது. அதே வேகத்தில் ஒரு நொடி. 115 நாள் 27 மணி நேரமாகச் சுருங்கிவிடுகிறது. வளையத்தின் ஒரு பக்கத்தை அணைத்துவிட்டால் பிறை கிடைக்கும்; சுவரில் நீளவாக்கில் வாயில் விட்ட குழாய். செல்லுக்கு ஊட்டமும் ஆக்சிஜனும் போய்வர அந்த வாயில் வேண்டும்.

இன்னொரு அச்சு ஊசி. 1987-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டர்னின் விவரித்த பெஸ்ஸல் கற்றை, விரியாமல் நெடுந்தூரம் ஒரே மெலிவோடு போகும். கூம்பு வடிவ லென்ஸால் இதை உண்டாக்கலாம், எஸ்.எல்.எம். திரையாலும் உண்டாக்கலாம். பாதையில் சிறு தடை வந்தாலும் தாண்டிய பிறகு தன்னைச் சீர்செய்துகொள்ளும். நெல்மணிக் குவியத்தை அடுக்கி எழுப்ப வேண்டிய உயரமான தூண், இந்த ஊசியால் ஒரே வெட்டில் எழும்பிவிடுகிறது. சீனாவின் ஹெஃபெய் நகரிலுள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டோங் வூ குழுவினர் வளையத்தையும் பெஸ்ஸலையும் இணைத்து, நெடிய நுண்குழாய்களைச் செய்திருக்கிறார்கள். அங்கிருந்தே 2017-இல் இன்னொரு அழகான வேலை வந்தது. முறுக்கிய கற்றையை முறுக்காத ஒளியோடு மோதவிட்டு, சுருண்ட இதழ்களுள்ள ஒளியை உண்டாக்கி, வலமாகவும் இடமாகவும் சுருளும் நுண்சிற்பங்களை வார்த்தார்கள்.

இதற்கெல்லாம் விலை உண்டு. ஒளியைப் பங்கு போட்டால் பங்கு சிறுக்கும். அரை மைக்ரான் புள்ளிக்கு 10 மில்லிவாட் போதும் என்றால், 31 மைக்ரான் சுற்றளவுள்ள வளையத்துக்கு அறுபது மடங்கு வேண்டும். சமமின்மை அதைவிடப் பெரிய தொல்லை. வளையத்தின் ஓரிடத்தில் ஒளி பத்தில் ஒரு பங்கு குறைந்தால், இரண்டு ஃபோட்டான் விளைவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அந்த இடத்தில் சுவர் மெலியும், அல்லது ஓட்டையாகும். பக்கம் பக்கமாக வைத்த குவியங்கள் தங்களுக்குள் மோதிப் பொட்டுப் பொட்டாகச் சிதறும். திரைக்குக் கட்டுப்படாத கொஞ்சம் ஒளி நேராகப் போய் நடுவில் வேண்டாத புள்ளியை எரிக்கும். அதைத் தனியே தடுக்க வேண்டும். பெஸ்ஸல் ஊசியைச் சுற்றி மங்கலான வளையங்கள் உண்டு. லேசரைச் சற்றுக் கூட்டினால் அவையும் பிசினை இறுக்கத் தொடங்கும். ஓர் அச்சை வெட்டியதும் அது எல்லா வீட்டுக்கும் பொருந்திவிடாது. புள்ளிக்கு இருந்த சுதந்திரத்தை வேகத்துக்காக விற்கிறோம்.

வேகத்துக்கு வேறு வழிகளும் உண்டு. 2012-இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், கண்ணாடிகளை அதிவேகமாக ஆட்டிப் புள்ளியையே ஓட வைத்து, 285 மைக்ரான் நீளப் பந்தயக் காரை நான்கு நிமிடத்தில் அச்சிட்டார்கள். 2019-இல் சௌரப் சாஹாவும் ஷி-சி சென்னும் முழுத் தளத்தையே ஒரே பாய்ச்சலில் வீழ்த்தும் முறையை ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். உண்மையில் எந்த ஒரு வழியும் தனியாக வெல்லப் போவதில்லை; பல குவியங்களை வேகமான கண்ணாடியோடு சேர்ப்பது ஏற்கெனவே தொடங்கிவிட்டது.

சரி, வீடு கட்டினோம். குடித்தனக்காரர் என்ன சொல்கிறார்?

கார்ல்ஸ்ரூ குழு 2011-இல் இரண்டு பொருளால் சாரம் கட்டியது. தூணும் விட்டமும் செல் ஒட்டவே ஒட்டாத பொருள். விட்டங்களின்மேல் ஆங்காங்கே, செல் ஒட்டும் வேறு பொருளால் சிறு கனசதுரங்கள். செல்கள் அந்தக் கனசதுரங்களை மட்டுமே பிடித்துக்கொண்டு நடுவே அந்தரத்தில் விரிந்து நின்றன. செல் எங்கே கை வைக்கலாம், எங்கே கால் வைக்கலாம் என்று மனிதர் முடிவு செய்து கொடுத்த வீடு அது. இந்தத் துறையில் நான் பார்த்த படங்களில் மறக்க முடியாதது அதுதான்.

இத்தாலியின் மிலான் பாலிடெக்னிக்கில் மனுவேலா ரைமோந்தி, ராபர்ட்டோ ஒசெல்லாமே, ஜூலியோ செருல்லோ ஆகியோர் ‘நிகாய்ட்’ என்ற கூட்டைக் கட்டினார்கள். ஸ்டெம் செல்லைத் தட்டில் வளர்த்தால், பெருகப் பெருக அது தன் ஸ்டெம் தன்மையை இழக்கும். நிகாய்ட் கூட்டின் கம்பிகளுக்கு நடுவே வளர்ந்த செல்கள், கூடுதல் வேதிப்பொருள் ஏதும் இல்லாமலே அத்தன்மையைப் பெருமளவு தக்கவைத்துக்கொண்டன. ஆனால் சிகிச்சைக்கு வேண்டிய அளவு செல்களை வளர்க்க ஏராளமான கூடுகள் வேண்டும். அதனால்தான் 2019-இல் அதே குழு எஸ்.எல்.எம். வழியே பல குவியங்களை உண்டாக்கிக் கட்டும் நேரத்தைப் பன்மடங்கு குறைத்தது. ஒளியை வார்ப்பது அவர்களுக்கு அலங்காரமாக இல்லை. அது இல்லாமல் கூடு ஆய்வகத்தைத் தாண்டாது.

இத்தாலியின் பொன்டெதேரா நகரில் அட்டீலியோ மரீனோ, ஜானி சியோஃபானி குழுவினர் 2018-இல் 10 மைக்ரான் விட்டக் குழாய்களை, சுவரில் துளைகளோடு அச்சிட்டு, அவற்றின்மேல் ரத்தக் குழாய்ச் செல்களைப் போர்த்தி வளர்த்தார்கள். ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே உள்ள தடுப்பின் நிஜ அளவு மாதிரி அது. மூளை நோய்களுக்கான பல மருந்துகள் தோற்பது அந்தத் தடுப்பைத் தாண்ட முடியாமல்தான். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் விழித்திரைச் செல்கள் நெட்டுக்குத்தாக அடுக்கி வளர, செங்குத்தான துளைகள் நிறைந்த சாரத்தை இதே முறையில் செய்திருக்கிறார்கள். வியன்னாவில் அலெக்சாண்டர் ஒவ்சியானிகோவ் குழுவினர் இன்னும் துணிந்து, உயிருள்ள புழு உள்ளே இருக்கும்போதே நீர்க்கூழில் லேசரால் எழுதினார்கள். அகச்சிவப்பு ஒளி உயிருக்கு மென்மையானது என்பதால் அது முடிந்தது.

குடித்தனக்காரருக்குக் குறைகளும் உண்டு. ஒளிவினைத் தூண்டியின் மிச்சம் செல்லுக்கு நஞ்சாகலாம். நாள்கணக்கில் கழுவ வேண்டும். அதே பொருள் மைக்ரோஸ்கோப்பில் தானும் ஒளிர்ந்து, செல்லின் ஒளிர்சாயத்தை மறைக்கும். பிசின் இறுகும்போது சுருங்கி வீடு கோணலாகும். இதற்காகவே கிரீஸின் கிரீட் தீவில் மரியா ஃபர்சாரி குழுவினர், அதிகம் சுருங்காத எஸ்.இசட்.2080 என்ற கலப்புப் பொருளை உருவாக்கினார்கள்; மிலானின் நிகாய்ட் அதில் கட்டப்படுவதுதான். இறுகிய பிசின்கள் பெரும்பாலும் திசுவைவிட மிக விறைப்பானவை என்ற குறை இன்னும் முழுதாகத் தீரவில்லை. மெல்லிய விட்டங்களாகக் கட்டி வளையச் செய்வது ஒரு தந்திரம், கார்ல்ஸ்ரூவின் இதயச் செல் ஆட்டியதைப்போல.

இனி இந்தத் துறையிலிருந்து ஒரு செய்தி உங்கள் கண்ணில் பட்டால், சிற்பம் எத்தனை நானோமீட்டர் என்பதோடு நின்றுவிடாதீர்கள். அந்த வீட்டை ஒரு மணி நேரத்தில் எத்தனை கட்ட முடிகிறது, அதற்குள் செல் எத்தனை நாள் உயிரோடு இருந்தது என்ற இரண்டையும் தேடிப் படியுங்கள்.